எல்லாம் நார்மல்

நவம்பர் 9, வியாழன்

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதை எழுதக் கை வரும்.

காலையில் கணபதி முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனதும் பருப்பை அடுப்பில் வைத்தேன். வேகும்வரை கொஞ்சம் சாய்ந்திருக்கலாம் என்று பாப்பாவுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்ததும், வீடு முழுக்கக் கருகல் புகையும். தண்ணீர் சுண்டிப்போய், பருப்பு கருகி, பாத்திரம் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. பாப்பா அரிசி டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அடுப்புக்கு அவள் காலால் நாலு எட்டு.

கதவைத் திறந்ததும் அக்கா என்னைத் தள்ளிவிட்டு நேராக அடுப்புக்கு ஓடினார். அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரமாடி தட்டுறது? ஜன்னல் வழியா உன் மககிட்ட அம்மா எங்கடின்னு கேட்டா, 'அம்மா தாச்சி'ங்கிறா. எனக்கு உசுரே இல்ல தெரியுமா? செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

"தூங்கிட்டேன்க்கா."

"இதுக்குப் பேரு தூக்கமா? எங்க வீட்டு ஆளு நாசிக் வரைக்கும் லாரி ஓட்டிட்டுத் திரும்பி வந்துகூட இப்படித் தூங்குனதில்ல."

நான் நேற்று இரவு பாப்பாவோடு சேர்ந்தே படுத்து, காலையில் கணபதி எழுப்பித்தான் எழுந்தேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கணபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு என்னதான் ஆச்சு வினோ?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 10, வெள்ளி

கருகின பாத்திரத்தைத் தேய்த்தேன். பாதியில் கை ஓய்ந்துவிட்டது. மறுபடி ஊறவைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, தீபாவளி

போன தீபாவளி ஜாக்கெட்டின் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. உள்தையலைப் பிரித்தும் பார்த்தாயிற்று. சுடிதார் போட்டுக்கொண்டேன்.

பாப்பா புதுக் கவுனோடு தெருவில் பொட்டு வெடிக்குக்கூடப் பயந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதை வீடியோ எடுத்து அருப்புக்கோட்டையில் இருக்கும் கணபதியின் அம்மாவுக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டு அத்தை போன் செய்தார். கணபதியிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"வினோ, நாஞ் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிறாத. புள்ள கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும். பொங்கலுக்கு அங்க வாரேன். தை பெறக்கவும் கையோட கூட்டிட்டு வந்துர்றேன். பள்ளிக்கூடத்துல போடுற வயசு வந்ததும் நீ கூப்பிட்டுக்க. நீயும் உடம்பத் தேத்துன மாதிரி இருக்கும்."

"சரி அத்தை" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அடுப்பை அணைக்காமல் தூங்கினது அவர் இல்லை. அம்மா போன பிறகு எனக்குப் பெரியவர் என்று இருப்பது அத்தைதான். நல்ல மாதிரிதான் சொல்கிறார். கணபதியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் முன்பே பேசி முடித்துவிட்டார்கள்.

பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் போடும் வயது எப்போது வரும் என்று நான் கணக்குப் போடப்போவதில்லை.

நவம்பர் 13, திங்கள்

தலை வாரினேன். சீப்பில் வந்ததைச் சுருட்டினால் எலுமிச்சை அளவு இருக்கிறது. என் தங்கை சங்கவி கோயம்புத்தூரிலிருந்து முடி வளர என்று வாங்கி அனுப்பிய மிட்டாயை ஜூன் மாதத்திலிருந்து தினமும் சாப்பிடுகிறேன். கரடிக்குட்டி உருவத்தில், ஸ்ட்ராபெரி வாசனையோடு இருக்கும். அவள் ஆபீஸில் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறார்களாம். இந்த வீட்டில் எனக்கென்று தித்திப்பாக இருப்பது அது ஒன்றுதான். பாப்பாவின் கண்ணில் பட்டுவிட்டால் "கடடி, கடடி" என்று ஊரைக் கூட்டிவிடுவாள் என்று கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 21, செவ்வாய்

கணபதி லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மெர்சி ஏஞ்சலின்தான் பாப்பா பிறந்தபோது பிரசவம் பார்த்தவர். என் ஃபைலைப் பார்த்ததுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஃபைலின் முதல் தாள் மதுரையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது எடுத்த ஸ்கேன். சினைப்பையில் முத்து முத்தாகக் கட்டிகள், பிசிஓடி என்று எழுதியிருக்கும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் ஆயிற்று. "ஒரு குழந்தை பொறந்துட்டா சரியாயிடும்" என்றார்கள். மாத்திரை, ஊசி எல்லாம் போட்டுக் குழந்தையும் பிறந்தது. இப்போது மறுபடியும் மாதவிலக்கு தள்ளிப்போகிறது, எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது. எதைச் சொன்னாலும் எல்லோரும் அந்த ஒரே பைக்குள் போட்டுவிடுகிறார்கள்: பிசிஓடி.

டாக்டர் மெர்சி அப்படி உடனே போட்டுவிடவில்லை. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். "ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?" என்றார். ஓசூர்க் குளிர் என்றேன். குரல் ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டார். அதற்கும் குளிர் என்றேன். கழுத்தைத் தொட்டு, விழுங்கச் சொல்லிப் பார்த்தார்.

"தைராய்டு மறுபடி பாத்துரலாம்மா. ஆகஸ்ட்ல நார்மல்னுதான் வந்துருக்கு. ஆனா ரிப்போர்ட்டு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. வேற ஏதாச்சும் மாத்திரை எடுக்கிறீங்களா?"

"எதுவும் இல்ல டாக்டர்."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

நவம்பர் 22, புதன்

எல்லாம் நார்மல்.

கணபதி போனில் படித்துவிட்டு, "பாரு, ஒண்ணுமே இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நோய் இல்லை என்று வந்ததற்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நோய் இல்லை என்றால் மிச்சம் இருப்பது நான்தானே. சோம்பேறி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஓசூரில் ஸ்வெட்டர் போடாதவர்கள் யாரும் இல்லை. நான் மட்டும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காலில் கணபதியின் கம்பெனி சாக்ஸ். "வெயில் ஊர்க்காரி, உனக்கு இது தாங்காது" என்கிறார் கணபதி. முடி கொட்டினால் போர்த் தண்ணீர் என்கிறார் நூர்ஜஹான் அக்கா. மறதிக்கு, "பிள்ளை பெத்தவளுக்கு மூளை பாதிதான் இருக்கும்" என்று வீட்டு ஓனரம்மா சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். எல்லாமே நல்ல காரணங்கள்தான். நானும் நம்பிக்கொள்கிறேன்.

இன்றைக்கு உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பெயர் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

பாப்பாவை அப்பாவோடு தூங்கப் பழக்குகிறோம். நான் இல்லாமல் தூங்கப் பழகினால் ஊரில் கஷ்டப்பட மாட்டாள். யோசனை என்னுடையது. நான்தான் பக்கத்து அறையில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முதலில் அழுதாள். பிறகு அப்பாவின் மீசையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

இவ்வளவு சுலபமாகத் தூங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி. எல்லோரையும் எழுப்பியது, என்னைத் தவிர.

டிசம்பர் 18, திங்கள்

நாள் தள்ளிப்போய் ரொம்ப நாளாகிறது. கடையில் கிட் வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுதான். கணபதியிடம் சொன்னபோது "சரி விடு" என்றார். அதில் நிம்மதி இருந்ததா வருத்தம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நாள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாள் தள்ளிப்போனதற்காக மறுபடி டாக்டர் மெர்சியிடம் போனோம். அவர் நவம்பர் ரிப்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். கணபதி என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பு, தூக்கம், பொங்கல் கழித்துப் பாப்பாவை ஊருக்கு அனுப்பப்போவது, எல்லாவற்றையும். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பாப்பா என் காலடியில் உட்கார்ந்து கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

திடீரென்று எழுந்து, மேசை மேல் டப்பாவை ணங்கென்று வைத்தாள். டாக்டரைப் பார்த்து, "கடடி! தா!" என்றாள். மூடியைத் திறந்துதர இந்த ஊரிலேயே சரியான ஆள் அவர்தான் என்று முடிவு செய்துவிட்டாள் போல.

டாக்டர் சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்தார். திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது யாரு சாப்பிடுறது?"

"நான்தான் டாக்டர். முடிக்கு."

"எத்தனை நாளா?"

"ஜூன்லேருந்து. தினம் ரெண்டு."

"ரத்தம் குடுத்த அன்னைக்கும் சாப்பிட்டீங்களா?"

"ஆமா."

"நான் கேட்டேன்லம்மா, வேற மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களான்னு?"

"இது மாத்திரை இல்லையே டாக்டர். மிட்டாய்."

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே கேட்டது. டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"இதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல, நிறைய. இது ரத்தத்துல ஓடிக்கிட்டிருந்தா சில லேப் மெஷின் ஏமாந்துரும். தைராய்டு சரியா வேலை செய்யலைன்னா டிஎஸ்ஹெச்ங்கிற அளவு ஏறும்; அது ஏறிப்போய் இருந்தாலும் கம்மியா இருக்கிற மாதிரி காட்டும். உங்களுக்கும் அப்படி ஆயிருக்கலாம். ஆகலைன்னும் இருக்கலாம். இன்னைக்கே இத நிறுத்துங்க. மூணு நாள் போகட்டும். அப்புறம் வந்து ரத்தம் குடுங்க. இந்தத் தடவ ஆன்டிபாடியும் சேத்துப் பாப்போம். முடிக்கு ஏதாச்சும் போடுறீங்களான்னு நானும் தனியா கேட்டிருக்கணும். பொண்ணுங்க யாருமே இத மருந்துக் கணக்குல சேக்குறதில்ல."

பிறகு பாப்பாவிடம் குனிந்து, "உனக்கு இது கிடையாது. இது உங்கம்மாவுக்கும் கிடையாது" என்றார். பாப்பா ஆஸ்பத்திரி அதிர அழுதாள். கணபதி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் சங்கவிக்குப் போன் செய்தேன். "அப்ப முடி வளரலையா?" என்றாள். அவளை என்ன செய்வது.

டிசம்பர் 23, சனி

இட்லி மாவு ஆட்டினேன். பாப்பாவுக்கு நகம் வெட்டினேன். எனக்கு நோய் இருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். பிறகு பயந்துபோய், பெரிய நோயாக இருக்கக் கூடாது என்று சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 26, செவ்வாய்

நேற்று காலையில் ரத்தம் கொடுத்தேன். இன்று மத்தியானம் டாக்டரே போன் செய்து வரச் சொன்னார். கணபதி கம்பெனியிலிருந்து நேராக வந்தார், யூனிஃபார்மோடு.

டிஎஸ்ஹெச் இருபத்தாறு. நாலு சொச்சத்துக்குள் இருக்க வேண்டியதாம். ஆன்டிபாடி எக்கச்சக்கம்.

டாக்டர் ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார். வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி.

"உடம்புக்குள்ள காவலுக்கு ஆள் இருக்கு இல்லையா, அது வெளியிலேருந்து வர்ற கிருமியத்தான் அடிக்கணும். உங்க உடம்புல அது ஆளு மாறி, தைராய்டயே அடிச்சுக்கிட்டிருக்கு. அடி வாங்கி வாங்கி அதால வேலை செய்ய முடியல. அது வேலை செய்யலைன்னா உடம்புல எல்லாமே மெதுவாயிரும். குளிரும், தூக்கம் அமுக்கும், முடி கொட்டும், எடை ஏறும், குரல் கட்டும், மறந்துபோகும், பீரியட்ஸ் தள்ளிப்போகும். நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் இதுல இருக்கு."

"பிசிஓடியால வந்ததா டாக்டர்?"

"அப்படி யாரும் அடிச்சுச் சொல்லல. அது இதக் கூட்டிட்டு வந்துச்சா, ரெண்டுக்கும் வேற ஏதாச்சும் பொதுக் காரணமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா பிசிஓடி இருக்கிற பொண்ணுங்கள்ல இந்தத் தைராய்டு பிரச்சினை மத்தவங்களவிட அதிகமா இருக்கு. அதனால ஒண்ணு இருந்தா இன்னொண்ணத் தேடிப் பாக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி வேஷம் போடும். எடை, முடி, பீரியட்ஸ் எல்லாம் ரெண்டுலயும் வரும். அதான் ஒண்ணு இன்னொண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது. இதக் கவனிச்சா அதயும் சமாளிக்கிறது கொஞ்சம் சுலபமாகும்."

கணபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப அன்னைக்கு அந்தத் தூக்கம்..."

"அவங்க தூங்கலங்க. அவங்கள உடம்பு படுக்கப் போட்டுருச்சு."

ஆட்டோவில் ஏறி, பாகலூர் ரோடு திரும்பும்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து வர்றீங்க, நல்ல சேதியாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே. எனக்கு வியாதி இருக்காம்."

அவர் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. கணபதி என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் வாசனை அடிக்கும் கை. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் சிவந்திருந்தது.

ஜனவரி 4, வியாழன்

கம்பெனியில் புது டைரி கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைப் பாப்பா கிழித்துவிட்டாள்.

மாத்திரை ஒரு சின்னப் பொட்டு அளவுதான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது. நோயைவிட அதுதான் பெரிய கொடுமை. கணபதி எதிரில் டம்ளரை வைத்துக்கொண்டு உறிஞ்சுகிறார். "ஒரு முழுங்கு?" என்று நீட்டுகிறார். "பாவத்தக் கொட்டிக்காதீங்க" என்றேன்.

குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். பிப்ரவரியில் மறுபடி ரத்தம் பார்த்து, அளவைக் கூட்டவேண்டியிருந்தால் கூட்டுவார்களாம். எனக்கென்னவோ இப்போதே நெஞ்சு லேசாக இருக்கிறது. அது மாத்திரையால் இருக்காது.

ஜனவரி 9, செவ்வாய்

எல்லாம் தெரிந்த பிறகும் பாப்பா ஊருக்குப் போகும் பேச்சு அப்படியே இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. இன்று துணி மடிக்கும்போது நானாகவே ஆரம்பித்தேன்.

"ஏங்க, பாப்பா துணியெல்லாம் எந்தப் பையில வைக்கிறது?"

"நீயே பாத்து வை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உனக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்றார்.

"அத்தை ஆசையா கேட்டாங்க."

"ஆமா. அம்மாவும் தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. அவருக்கு அனுப்புவதில்தான் விருப்பம். எனக்குப் புரிகிறது. மாத்திரை போட்டால் மட்டும் அந்த அடுப்பு அவர் நினைவிலிருந்து போய்விடுமா? என் நினைவிலிருந்தே போகவில்லை. கேஸ் சிலிண்டரை இரண்டு முறை மூடுகிறேன். மத்தியானம் கண் சொக்கினால் அக்கா வீட்டுக்கு ஓடிவிடுகிறேன். பதினோரு மணிக்கு அவரே வந்து ஒரு தடவை கதவைத் தட்டுகிறார். நான் கேட்டுக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது. "உன் வீட்டு வாட்ச்மேன் வந்திருக்கேன், சம்பளத்துக்கு டீ குடு" என்பார்.

பையில் பாப்பாவின் துணியை வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். மறுபடி வைக்கவில்லை.

ஜனவரி 13, சனி

அத்தை வந்துவிட்டார். இரண்டு கரும்பு, ஒரு மூட்டை நிறைய முறுக்கு, அருப்புக்கோட்டைக் காராச்சேவு. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்றார். பாப்பா முதலில் என் பின்னால் ஒளிந்தாள். காராச்சேவைப் பார்த்ததும் பாட்டியைச் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டாள்.

என்னை மேலும் கீழும் பார்த்து, "முகத்துல வீக்கம் வத்தியிருக்கு" என்றார் அத்தை. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் தெரிகிறது.

ஜனவரி 15, பொங்கல்

பால் பொங்கியது. நான் அடுப்பை விட்டு அசையவே இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

இதைத் தப்பில்லாமல் எழுத வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாப்பா கரும்புச் சக்கையை அவர் சேலை மேலெல்லாம் துப்பிவிட்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓடினாள். அவளைப் பிடிக்க அத்தை எழுந்தார், முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம காலைல பஸ்ஸுக்குச் சொல்லிட்டியா கணபதி?" என்று கேட்டார்.

கணபதி போனை எடுத்தார். நான் என்ன யோசித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. வாய் திறந்துகொண்டது.

"பாப்பா வரமாட்டா அத்தை."

நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தோன்றியதால் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இன்னும் முழுசாச் சரியாகல. சரியாக நாளாகும். மத்தியானம் தூக்கம் வரத்தான் செய்யுது. ஆனா என்னன்னு தெரிஞ்சிருச்சு. அடுப்புப் பக்கம் கதவு போட்டாச்சு, அக்கா வந்து பாத்துக்கிறாங்க. என் புள்ளைய நானே வச்சுக்கிறேன் அத்தை. நீங்க ஆசப்பட்டுக் கேட்டீங்க, சரின்னும் சொன்னேன். என்னைய மன்னிச்சுக்கங்க."

அத்தை தைலக் கையோடு என்னையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"யாரு ஆசப்பட்டது?"

கணபதி போனைக் கீழே வைத்தார்.

"ஏன்டா, நான் ஆசப்பட்டேன்னா சொன்ன? நீதான அழுதுக்கிட்டே, 'அம்மா, வினோ ரொம்ப முடியாம இருக்கா, பாப்பாவ வச்சுக்கிறியா'ன்னு கேட்ட?"

"நீ உடனே 'ம்'னு சொன்ன. உனக்கும் ஆசைன்னு நெனச்சேன்" என்றார் கணபதி.

"பெத்த மகன் கேட்டா இல்லைன்னா சொல்லுவாக? இவகிட்ட கேட்டா இவளும் 'சரி அத்தை'ங்கிறா, அதுவும் சட்டுன்னு. சரி, மருமகளுக்கு எம்புட்டு முடியலையோன்னு நான் நெனச்சேன். ஏத்தா, இம்புட்டு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு..."

"நல்லா எடுத்தேன் தப்பா! எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. உங்க மாமாவுக்கு வேளைக்கு வேளை ஊசி போட்டு, சக்கரை இல்லாம சமைச்சுப் போடணும். இந்த வாலு பின்னாடி எப்படி ஓடுறதுன்னு தீபாவளிலேருந்து எனக்குக் கண்ணுல பொட்டுத் தூக்கமில்ல. கெணத்துப் பக்கம் போயிருவாளோ, ரோட்டுக்கு ஓடிருவாளோன்னு கனாக் கூட வந்துச்சு." தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடி! மாரியாத்தா, உனக்கு மாவிளக்கு போடுறேன்."

கணபதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். தோள் குலுங்கியது. சிரிப்புதான். "நீ அனுப்பணும்னு நெனக்கிறேன்னு நான் நெனச்சேன்" என்றார். "துணிய எந்தப் பையில வைக்கிறதுன்னு வேற கேட்ட."

"நீங்க ரெஸ்ட் வேணும்னீங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் கட்டி வச்ச எனக்குத்தான் ரெஸ்ட் வேணும்" என்றார் அத்தை. "மூணு கழுதைக கூடி, இல்லாத ஒரு பாரத்த மாத்தி மாத்திச் சொமந்திருக்கோம். நீ மொதல்ல டிக்கெட்ட ஒண்ணாக்கு."

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் கழுத்தைத் தைலக் கையாலேயே தொட்டுப் பார்த்தார். "இங்கயா?" என்றார். "இங்கதான் அத்தை" என்றேன். தைலம் எரிந்தது. கையை எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் மாத்திரை போட்டு, காத்திருந்து, காபி குடித்துவிட்டு, அத்தையை பஸ் ஏற்ற நானும் பாப்பாவும் போனோம். கணபதிக்கு ஷிஃப்டு. பஸ் ஸ்டாண்டில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டே நின்றேன். இறக்கிவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பஸ்ஸில் தனக்கு இடம் இல்லை என்று. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். "பாத்தி! நானு! நானு!" இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு நீட்டினாள். என் தோளை உதைத்தாள்.

"அடியே, உன் ஆத்தா சண்டை போட்டு உன்னைய வாங்கியிருக்கா, அங்கனயே இரு!" என்று அத்தை ஜன்னல் வழியே கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர். "கோடைக்கு எல்லாரும் சேந்து வாங்க. தனியா ஒருத்தரும் வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

பஸ் கிளம்பிய பிறகும் அழுகை நிற்கவில்லை. வழி நெடுக, என் பெண் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னொருத்தருக்காக அழுதுகொண்டு வந்தாள். சட்டை நனைந்துவிட்டது. அவளைத் தேற்றவே எனக்குத் தோன்றவில்லை. நன்றாக அழட்டும், நாளைக்கும் அழட்டும், இங்கேயே இருந்து அழட்டும் என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தேன்.